குடத்தில் கிடந்த கல்

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அப்புறம் மேடம்’. முகத்துக்கு நேரே வெறும் மேடம்தான். அவர் ஷெட்டை விட்டு வெளியே போனதும் மற்றது.

அருப்புக்கோட்டையை ஒட்டி, பாளையம்பட்டிப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி ஷெட் இருந்தது. நான்கு லாரிகள், இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை. அங்கே ஒன்றரை வருஷம் லாரி ஓட்டினேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டி, செங்கல் சூளை, கேரளத்தில் ரப்பர் தோட்டம் என்று போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேன். பாதி இடங்களில் பட்டினி, மீதி இடங்களில் அடி. அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஷெட்டின் மொத்த வேலையும் அவர் தலைக்குள்தான் இருந்தது. யாருக்கு எப்போது லாரி, யார் வீட்டுத் தொட்டி எவ்வளவு பிடிக்கும், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எல்லாம் அங்கேதான். ஒரு தடவை காய்ச்சலில் அவர் மூன்று நாள் படுத்துவிட்டார். ஒரே கல்யாண மண்டபத்துக்கு மூன்று லாரிகள் போய் நின்றன. தண்ணீர் இல்லாமல் தவித்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றுகூடப் போகவில்லை. எழுந்து வந்ததும், “எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரணும்லே. நான் செத்தாலும் தண்ணி போகணும்” என்றார். அதற்காகத்தான் மேடம் வந்தார்.

கம்ப்யூட்டரோடு வருவார் என்று பார்த்தோம். துணிப்பையோடு வந்தார். அதற்குள் பழைய மாதக் காலண்டர் தாள்கள், பையின் காதில் நூலால் கட்டிய பென்சில், அழிரப்பர், ஒரு டிபன் பாக்ஸ். காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் நட்டு போல்ட்டுகளை வைத்தார். கட்டம் போட்டார். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புக்குறி போட்டார்.

“கம்ப்யூட்டர் எங்க மேடம்?” என்றான் கருப்பசாமி. எங்களில் வாய் நீண்ட டிரைவர் அவன்.

“அது கடைசியில வரும் தம்பி. மதுரையில ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க அடிச்சுக் குடுத்துருவாங்க. என்னத்த அடிக்கணும்னு நான்தான மொதல்ல பாக்கணும்.”

முதல் ஆளாக என்னைத்தான் உட்கார வைத்தார்.

“ஒரு ஆர்டர் வந்தா என்ன நடக்கும்?”

“அண்ணாச்சி சொல்லுவாக. போவேன்.”

“அப்புறம்?”

“தண்ணி ரொப்புவேன்.”

“அப்புறம்?”

“கொண்டு போயி ஊத்துவேன்.”

“அப்புறம்?”

இப்படியே போய் எனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. “அப்புறம் வீட்டுக்குப் போயித் தூங்குவேன் மேடம்” என்றேன். கருப்பசாமி சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. “நடுவுல நெறைய விட்டுட்டீங்க. பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்” என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

பார்ப்பது என்றால் அவருக்குப் பார்ப்பதுதான். ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு மூன்று நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இறக்கியதும் அந்தந்த இடத்திலேயே டிரைவர்கள் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள் என்று அண்ணாச்சி அவரிடம் சொல்லியிருந்தார். உண்மையில் நாங்கள் காலையில் டீ குடிக்கிற நேரத்திலேயே அன்றைய சீட்டு முழுவதற்கும் நாங்களே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். நாலாம் நாள் காலண்டர் தாளில் அது ஒரு கட்டமாக இருந்தது. ‘காலை டீ: கையெழுத்து.’

அண்ணாச்சி ஷெட் அதிர சத்தம் போட்டார். மேடம் எழுந்திருக்கக்கூட இல்லை. “நீங்க எங்கிட்டச் சொன்னது உங்க ஆசை அண்ணாச்சி. இது நடக்கிறது. நான் நடக்கிறதத்தான் எழுதுவேன். கண்ணால பாக்காதது கட்டத்துல ஏறாது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

கருப்பசாமி சும்மா இருக்கமாட்டான். “மேடம், எம்பொண்டாட்டிக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுங்க. கோவம் எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு தெரிஞ்சாப் போதும்” என்பான்.

“போடலாம் தம்பி. மூணு நாள் உங்க வீட்டுல வந்து உக்காரணும். சம்மதமா?”

“வேணாம் மேடம். நீங்க அவ பக்கம் சேந்துருவீங்க.”

மேடத்துக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சென்னையில் பெரிய கம்பெனியில் இந்த வேலையையே பல வருஷம் செய்தவராம். அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்துவிட்டார். கடை, மில், ஆஸ்பத்திரி என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவார். பஸ் டிக்கெட்டைக் கீழே போடமாட்டார். அதன் பின்னால் பொடி எழுத்தில் ஏதாவது எழுதிக்கொள்வார். ஆட்டைக் கண்டால் பயம். நாய்க்குப் பயப்படாதவர் ஆட்டுக்குப் பயந்து ரோட்டின் மறுபக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பந்தல்குடியில் ஒரு விதைக் கடைக்குக் கட்டம் போட்ட கதையை அவரே ஒரு நாள் சொன்னார். விவசாயி வந்து கேட்கிற விதையை எடுத்துக் கொடுப்போம், அவ்வளவுதான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மேடம் இரண்டு நாள் உரமூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தார். கடையில் வெகுகாலம் வேலை பார்த்த ஒரு பெரியவர், வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன் செருப்பைப் பார்த்தார். கரிசல் மண் ஒட்டியிருந்தால் ஒரு விதை, செவல் மண் ஒட்டியிருந்தால் வேறு விதை. ஆள் வாய் திறந்து தப்பாகக் கேட்டாலும் பெரியவர் சரியான பையைத்தான் எடுத்து வைத்தார். மேடம் காலண்டர் தாளில் முதல் கட்டமாகச் ‘செருப்பு’ என்று எழுதினார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

கதை அங்கே முடிந்தது என்று நினைத்து நானும் சிரித்தேன். மீதியை அவர் வேறொரு நாள்தான் சொன்னார்.

அதற்கு முன் தண்ணீர் லாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லாரித் தொட்டி பன்னிரண்டாயிரம் லிட்டர். தண்ணீர் இறங்குகிற குழாய் பின்பக்கம், தொட்டியின் தரையிலிருந்து இரண்டு விரல்கடை மேலே இருக்கும். சமமான இடத்தில் வண்டி நின்றால் அந்த இரண்டு விரல்கடைத் தண்ணீர் குழாய்க்கு எட்டாது. எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அடியிலேயே கிடக்கும். இருநூறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்காரருக்கும் அது போய்ச் சேர்ந்ததே இல்லை.

திருச்சுழிப் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு கண்மாய்க் கரை ஏற்றம் வரும். அங்கே வண்டியை நிறுத்தினால் முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே. அடித்தண்ணீர் முழுவதும் பின்னால் ஓடி வந்து குழாயில் கொட்டும். பத்துப் பன்னிரண்டு குடம் தேறும். அந்த ஏற்றத்தின் பக்கத்தில் நான்கு வீடுகள் இருந்தன. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள். அவர்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். ஆடுகூட முகம் திருப்பும். ஊர்க்குழாய் முந்தின ஊரோடு நின்றுவிட்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, எனக்கு முன்னால் ஓட்டிய டிரைவர்களிடமிருந்தே வந்த வழக்கம். ஏற்றத்தில் நிறுத்துவோம், அடித்தண்ணீரை அவர்களுக்கு விடுவோம். அந்த நான்கு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான் தண்ணீர். அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய விஷயம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

லாரியோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று மேடம் ஒரு நாள் என் வண்டியில் ஏறினார். திரும்பும்போது ஏற்றத்தில் நிறுத்தாமல் போய்விட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் கரையோரம் குடங்களைப் பார்த்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

“எதுக்கு நிக்கிறீங்க தம்பி?”

“வண்டி சூடு மேடம்.”

அவர் மீட்டரைப் பார்த்தார். “முள்ளு கீழதான இருக்கு.”

இறங்கிவிட்டார். நானும் இறங்கிக் குழாயைத் திறந்தேன். வேறென்ன செய்ய? முத்துராக்கு கரி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். நான்கு வீட்டுக்கும் பேசுகிறவள் அவள்தான்.

“யாருப்பா இவுக? ஆபீசரா?”

“ஆபீசர் இல்ல. கம்பெனிக்கு எழுதுறவுக.”

“எழுதுறவுகளா?” அவள் முகம் மாறிவிட்டது. “அப்ப எங்களையும் எழுதிக்கங்க தாயி. நாலு வீடு. எம்பேரு முத்துராக்கு. ரேசன் கார்டு இருக்கு, இந்தா எடுத்தாரேன்.”

ஓடினாள். மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மேடம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் வயதான ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

குடங்களுக்குள் கல் கிடப்பதை மேடம் அப்போதுதான் கவனித்தார்.

“கல்லு எதுக்கும்மா?”

“காத்துக்கு உருண்டு கண்மாய்க்குள்ள போயிருமில்ல தாயி. அதோட டைவரு தம்பிக்கு ஒரு சாடை. கொடம் நிமிந்து கல்லு கெடந்தாத் தண்ணி வேணும். கவுந்து கெடந்தா எனக்குப் போதும், அடுத்தவுகளுக்கு ஊத்துன்னு அர்த்தம். ரெண்டு கல்லு கெடந்தா வீட்டுல ஆளு கூட இருக்கு, இல்லாட்டி சீக்கு. எம்மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. அதான் எனக்கு ரெண்டு.”

மேடம் குனிந்து ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு ஆடு அவர் சேலையை முகர்ந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வண்டி கிளம்பிய பிறகு சொன்னார். “எத்தனையோ ஆபீஸ் பாத்துட்டேன் தம்பி. இவ்வளவு சுத்தமா ஒரு தகவல் போயி வர்றதப் பாத்ததில்ல. ஒரு தாள் இல்ல. ஒரு பொய் இல்ல. யாரும் கூடக் கேக்கல.”

கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

“இத எழுதாதீங்க மேடம்.”

“எழுதாட்டி?”

“எழுதினா அண்ணாச்சி நிறுத்திருவாக.”

“எழுதாட்டியும் நிக்கும் தம்பி. கெணத்துல மீட்டர் மாட்டப் போறாங்க. எவ்வளவு ரொப்பினீங்க, எவ்வளவு ஊத்தினீங்கன்னு மெஷினுக்குத் தெரியும். நடுவுல எறநூறு லிட்டர் எங்க போச்சுன்னு கேக்கும். நீங்க நாலு பேரும் வித்துட்டீங்கன்னு வரும்.”

அப்போதுதான் விதைக் கடைக் கதையின் மீதியைச் சொன்னார். செருப்புக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்த கடைக்காரர் பிறகு யோசித்தார். வருகிறவரிடம் என்ன மண் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் அழுத்தினால் அதுவே விதையைச் சொல்லிவிடும். அப்புறம் எதற்குப் பெரியவர்? அடுத்த தடவை மேடம் அந்தப் பக்கம் போனபோது அந்தப் பெரியவர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இறங்குகிறவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“நான் பாத்தத எழுதினேன் தம்பி. எழுதினதும் அவரு தேவையில்லாமப் போயிட்டாரு.”



மறுநாள் காலண்டர் தாளில் லாரி திரும்பி வருகிற அம்புக்குறிமேல் ஒரு வரி புதிதாக இருந்தது. ‘அடித்தண்ணீர் லாரியிலேயே திரும்பும்.’ மற்ற எழுத்தெல்லாம் அழுத்தமாக இருக்க, அது மட்டும் பென்சில் தாளில் படாத மாதிரி இருந்தது. கண்மாய் ஏற்றத்துக்குக் கட்டம் இல்லை. குடம் இல்லை.

“இத நீங்க பாக்கலியே மேடம்” என்றேன்.

“பாக்கல” என்றார்.

மதுரைக்காரர்கள் அடித்துக் கொடுத்ததை ஷெட்டில் வைத்தார்கள். ஒரு நாள் விடாமல் வேலை செய்தது. ஆஸ்பத்திரிக்கு லாரி தவறவில்லை, மண்டபத்துக்கு இரண்டு வண்டி போகவில்லை. அதில் மேடம் பெருமையாக நினைத்த கட்டம் ஒன்று உண்டு. தண்ணீர்க் கணக்கில் போனதும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வரி சிவப்பாகும். “தப்பு நடந்தா யாரும் சொல்ல வேண்டாம், அதுவே சொல்லும்” என்று அண்ணாச்சியிடம் விளக்கியிருந்தார்.

அது சொல்லிவிட்டது. அடித்தண்ணீர் லாரியில் திரும்பினால், அடுத்த தடவை நிரப்பும்போது இருநூறு லிட்டர் குறைவாகத்தானே பிடிக்க வேண்டும்? மற்ற ஊர்களுக்குப் போன வண்டிகளில் அப்படித்தான் பிடித்தது. திருச்சுழிப் பக்கம் போன வண்டிகள் மட்டும் முழுத் தொட்டியும் பிடித்தன. ஒரே வாரத்தில் திரையில் அந்த வரிகள் மட்டும் சிவப்பாக நின்றன. மேடம் சொன்ன ஒரே பொய்யை அவர் போட்ட கட்டமே பிடித்துவிட்டது.

அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டனுப்பினார். நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

“இது என்னம்மா செவப்பு? மெஷின் கோளாறா?”

கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவரால் முடியவில்லை. “மெஷின் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. நான் எழுதினதுதான் தப்பு” என்று ஏற்றம், குடம், கல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “டிரைவர்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த நாலு வீட்டுக்கும் வேற தண்ணி இல்ல” என்றார்.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று கையில் வாளியோடு நின்றேன். அவர் தொடையில் தட்டினார்.

“அப்படின்னா ஒவ்வொரு ட்ரிப்புலயும் எறநூறு லிட்டரு அடியிலயே கெடந்து ஊரு சுத்திக்கிட்டு இருக்கா? அதான் தொட்டி நெறையலன்னு ஆளாளுக்கு எங்கிட்டச் சண்ட பிடிக்காக! நான் கள்ளன்னுல்ல நெனச்சிருப்பாக இத்தன வருசமா?”

“அந்த நாலு வீடு அண்ணாச்சி...”

“நாலு வீடுதானம்மா? நான் என்ன தண்ணி தராதவனா? ஒரு போன் போடச் சொல்லுங்க, லாரியே அனுப்புறேன்.”

“ஒரு லாரித் தண்ணிய எறக்க அவங்ககிட்ட எடமே இல்ல. ஆளுக்கு மூணு கொடம்தான் வேணும்.”

“மூணு கொடத்துக்கு எப்படிம்மா ஆர்டர் போடுறது? நீங்க போட்டுக் குடுத்ததுலயே அதுக்கு எடமில்லையே.”

இடமில்லைதான். ஆர்டர் என்றால் குறைந்தது ஒரு லாரி என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார், மேடம் அதைப் பார்த்து எழுதியிருந்தார்.

அந்த வாரமே நான்கு லாரிகளும் பட்டறைக்குப் போயின. தொட்டியின் அடியில் வெட்டிக் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்து, குழாயைக் கீழே இறக்கி வெல்டிங் அடித்தார்கள். அதன் பிறகு சமமான தரையிலேயே கடைசிச் சொட்டு வரை இறங்கியது. வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நியாயமும் அதுதான். அவர்களுக்கு வர வேண்டிய தண்ணீர் அவர்களுக்கு வந்தது. யாரைக் குறை சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வண்டிகள் திரும்பி வந்த அன்று அண்ணாச்சி ஷெட்டில் பூஜை போட்டு மேடத்துக்குச் சால்வை போர்த்தினார். “நம்ம கண்ணுக்குத் தெரியாத ஓட்டையக் கண்டுபிடிச்சுக் குடுத்த தாயி” என்றார். கருப்பசாமிகூடக் கை தட்டினான், பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சரிகைச் சால்வை. அந்த வெயிலில் அவர் அதை எடுக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. போட்டது போட்டபடி நின்றார்.

ஏற்றத்தில் முதல் நாள் நிறுத்தியபோது குழாயில் ஒன்றும் வரவில்லை. முத்துராக்கு குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

“அந்தம்மாதான் வந்து பாத்துட்டுப் போனாகளே” என்றாள். “பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாகளே. எழுதினதுனால கொழாய் வரும்னு நாங்க இருக்கோம். எழுதினதுனால நின்னுபோச்சுங்கிறியே?”

உள்ளே அவள் மகளின் பிள்ளை அழுதது. பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. முத்துராக்கு என்னைத் திட்டவில்லை. குடத்துக்குள் இருந்த இரண்டு கல்லையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டாள்.

அடுத்த பதினொரு நாள், போகும்போதே லோடிலிருந்து குடங்களை நிரப்பிவிட்டுப் போனேன். எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீட்டுக்காரர் தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து போன் போட்டார். திரையில் என் வண்டி நம்பருக்கு நேரே சிவப்பு. அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்பா, என்னையக் கள்ளனாக்கிராதப்பா” என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

மேடம் சும்மா இருக்கவில்லை. மனு வாங்குகிற நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனார். மனுவோடு ஒரு காலண்டர் தாளையும் இணைத்திருந்தார். நான்கு வீடு, ஏற்றம், முந்தின ஊரோடு நிற்கிற குழாய், எல்லாம் கட்டம் கட்டமாக. உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர்தான். விரித்துப் பார்த்தார். “படம் நல்லாருக்கு மேடம்” என்றார். “ஆனா இந்த நாலு வீடு குடியிருப்புப் பட்டியல்லயே இல்லையே. பட்டியல்ல இருந்தாத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும்.”

“அப்புறம்?” என்றார் மேடம்.

“பட்டியல்ல சேக்கத் தனியா ஒரு மனு குடுங்க.”

“அப்புறம்?”

“நேர்ல வந்து பாப்பாங்க.”

“அப்புறம்?”

“தகவல் வரும் மேடம்.” ஒரு ரசீது கொடுத்தார். வெளியே வந்து மேடம் அந்த ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுத ஒன்றுமில்லாமல் பைக்குள் வைத்தார்.

அன்று அவரை வீட்டில் விடப் போனபோதுதான் அவர் அம்மாவைப் பார்த்தேன். பேச்சு போய்விட்டது. டம்ளரால் கட்டிலைத் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீர், இரண்டு தட்டு புரட்டிப் படுக்க வைக்க. சுவரில் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. காலை மாத்திரை, கஞ்சி, துடைத்துவிடுவது, சாயங்கால மாத்திரை. கடைசிக் கட்டத்திலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பித் தாளின் ஓரத்தில் சும்மா நின்றது.

“இது எங்க போகுது மேடம்?”

“அதப் போடல தம்பி” என்றார்.

அடுத்த மாதம் நான் ஷெட்டை விட்டேன். காரணம் கேட்டால் காரணம் இல்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான். கால் நிற்காது. திரும்பவும் போர்வெல் வண்டியில் ஏறி ஆந்திரா, கர்நாடகா என்று ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

போன கோடையில் திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு போட வந்தோம். கண்மாய் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, நிறுத்தினோம். நான்கு வீடுகளில் இரண்டு பூட்டியிருந்தன. மற்றொன்றுக்குக் கூரை இல்லை. கரையோரம் ஒரே ஒரு குடம். நிமிர்ந்து நின்றது. ஆளைக் காணவில்லை. கருவேலங்காட்டுக்குள் தூரத்தில் கரிப்புகை மட்டும் தெரிந்தது. டேங்கர் லாரி ஒன்று எங்களைத் தாண்டி இறங்கியது. எங்கள் பழைய ஷெட் வண்டிதான். புது டிரைவர். அவன் குடத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவனுக்கு அது வெறும் குடம்.

எங்கள் கேனில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். கால் குடம்கூட நிறையவில்லை.

“எதுக்குப்பா கொடத்துல கல்லு?” என்றான் கூட வந்தவன்.

“காத்துக்கு உருளாம இருக்க” என்றேன்.

அவனை விட்டுத் தள்ளி நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். நம்பர் மாறியிருக்கவில்லை. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அம்மா போய்விட்டதைச் சொன்னார். எங்கே நிற்கிறேன் என்று நான் சொன்னேன்.

“கொடம் இருக்கா தம்பி?”

“ஒண்ணு இருக்கு மேடம்.”

“கவுந்திருக்கா?”

“இல்ல. நிமிந்திருக்கு.”

“கல்லு?”

“ரெண்டு.”

அப்புறம் என்று கேட்பார் என்று போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் கேட்கவே இல்லை.